அக்கா வரைந்த மூன்றாவது அம்பு

அக்காவின் பதினாறாம் நாள் காரியம் முடிந்ததும், யார்மேல் கோபம் என்றே தெரியாமல், அவள் புருஷனிடம் சொல்லிவிட்டேன்: "அக்காவே போயிட்டா. இனிமே இன்னா இருக்கு மாமா? நீ யாரோ, நாங்க யாரோ."

மாமா அக்காவின் நோட்டு ஒன்றை நீட்டினார். "கணக்குல கேட்டகரி தியரின்னு ஒண்ணாம்டா. உனக்குச் சொல்லித்தரணும்னு நம்ம வூட்டையே உதாரணமா எழுதி வெச்சிருந்தா." அப்படியே தன் ஊருக்கு, வில்லியனூர் பஸ் பிடிக்க நடந்தார்.

அக்கா கணக்கில் எம்.எஸ்சி. படித்தவள். நான் எட்டாவதோடு நின்றவன். நோட்டைப் பிரித்தேன். நான், அக்கா, மாமா என்று மூன்று புள்ளிகள். என்னிடமிருந்து அக்காவுக்கு ஓர் அம்பு, அக்காவிடமிருந்து மாமாவுக்கு ஓர் அம்பு. கீழே, "இது ரெண்டும் இருந்தா உன்கிட்டருந்து மாமாவுக்கு நேராவே ஒரு அம்பு இருக்கும்டா, மக்கு" என்று எழுதி, அதையும் வரைந்திருந்தாள்.

அக்காவின் புள்ளியை விரலால் மூடிப் பார்த்தேன். அந்த மூன்றாவது அம்பு மட்டும் மறையவே இல்லை.

ஓடினேன். பஸ் போய்விட்டிருந்தது.

மறுநாளே போனில் மன்னிப்புக் கேட்டேன். மாமா இப்போதும் வருகிறார். ஆனால் வாசலிலேயே நிற்கிறார். "உள்ள வா மாமா" என்று நான் கூப்பிட்ட பிறகுதான் செருப்பைக் கழற்றுகிறார். முன்பெல்லாம் நேராக அடுப்படிக்கே வந்துவிடுவார்.