அத்தை துடுப்புப் பிடித்த நாள்

அத்தையை ஊருக்குக் கூட்டிவரத்தான் அப்பா ஜப்பானுக்குக் கப்பலேறினார். அப்போது எனக்கு எட்டு வயது. அத்தை அப்பாவின் ஒரே தங்கை. என் அம்மா என்னைப் பெற்ற கையோடு கண்ணை மூடிவிட்டதால் என்னைத் தோளில் போட்டு வளர்த்தவள் அவள்தான். பிறகு கல்யாணமாகி, கோபே பட்டணத்தில் ஜவுளிக் கம்பெனி ஒன்றில் வேலை பார்த்த மாமாவோடு போய்விட்டாள். மாமா காய்ச்சல் கண்டு இறந்து ஒரு வருஷம் ஆகியும் அவள் திரும்பி வரவில்லை. தாலியறுத்த பெண் தன்னந்தனியாக அந்நியச் சீமையில் இருக்கலாமா என்று பங்காளிகள் அப்பாவைக் குடைந்தெடுத்தார்கள்.

என்னையும் கூட்டிப்போகச் சொன்னது பெரியம்மா. பிள்ளை முகத்தைப் பார்த்தால் அவள் மனசு இளகிவிடும் என்பது பெரியம்மாவின் எண்ணம். எனக்கு அதெல்லாம் தெரியாது. கண்டரமாணிக்கத்தில் என் வயசுப் பெண் எவளும் கடல் தாண்டியதில்லை என்ற மிதப்பில் இருந்தேன். அந்த மிதப்பு தனுஷ்கோடி வரைக்கும்தான் நீடித்தது. கொழும்பில் ஏறிய ஜப்பான் கப்பலில் பாதி நாள் வாந்தியெடுத்தே கழித்தேன். எனக்குத் துணையாக அப்பாவும் எடுத்தார்.

அத்தை இருந்தது கோபேக்கு மேற்கே, கடலை ஒட்டிய மீனவக் குப்பத்தில். கம்பெனியில் வேலை பார்த்த நம் பக்கத்து ஆட்களுக்குச் சமைத்து, தூக்குச்சட்டிகளில் போட்டு, காலையில் ரயிலடியில் கொடுத்தனுப்புவாள். அதில் அவள் பிழைப்பு ஓடியது. வாசலில் அவளைப் பார்த்ததும் அப்பா அப்படியே நின்றுவிட்டார். சேலையை ஏற்றிச் செருகி, மேலே அந்த ஊர் மீனவப் பெண்கள் போடும் கருநீலச் சட்டையை மாட்டியிருந்தாள். இது என்ன கோலம் என்று அப்பா கேட்டார். வேலைக்குத் தோதாக இருக்கிறது என்று சொல்லிவிட்டு, என்னைத் தூக்கிக்கொண்டு உள்ளே போய்விட்டாள். நான் கனத்துப் போயிருந்தேன். ஆனாலும் அவள் இறக்கிவிடவில்லை.

தினமும் சாப்பிட உட்கார்ந்ததும் அப்பா ஊர்ப் பேச்சை எடுப்பார். அத்தை இன்னொரு கரண்டி சோறு வைப்பாள். அப்பா பேச்சை விட்டுவிட்டுச் சோற்றைப் பார்ப்பார். இப்படியே நாட்கள் போயின.

பக்கத்து வீட்டில் ஒரு மீன்காரரும் அவர் மனைவியும் இருந்தார்கள். இரண்டு பேரும் சேர்ந்துதான் படகில் போவார்கள். அந்த அம்மாள் பிள்ளை பெற்றுப் படுத்திருந்ததால் அவளுக்குப் பதிலாக அத்தை போய்க்கொண்டிருந்தாள். அது தெரிந்ததும் நானும் வருவேன் என்று அடம்பிடித்தேன். எங்கள் ஊரில் கோடையில் கண்மாய் வற்றினால்தான் மீன்பிடிப்பு. ஊரே சேற்றில் இறங்கிக் கெண்டையையும் விராலையும் கையால் அள்ளும். அதனால் கடல் எப்போது வற்றும் என்று அத்தையைக் கேட்டேன். அவள் சிரித்த சிரிப்பில் அப்பாவுக்கும் சிரிப்பு வந்துவிட்டது. அந்த வீட்டுக்குள் நாங்கள் நுழைந்த பிறகு அவர் சிரித்தது அதுதான் முதல் தடவை. பிள்ளையைத் தனியே அனுப்ப மாட்டேன் என்று அவரும் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு படகில் ஏறினார்.

அந்தப் படகுக்குப் பக்கத் துடுப்பு கிடையாது. பின்பக்கம் ஒரே ஒரு நீளத் துடுப்பு. நின்றுகொண்டு, மீன் வாலை ஆட்டுகிற மாதிரி அதை இடமும் வலமுமாக ஆட்ட வேண்டும். மீன்காரர் ஆட்ட ஆட்ட, கரை சின்னதாகிக்கொண்டே போனது. நடுக்கடலில் மிதந்த ஒரு கட்டையைப் பிடித்து, அதில் கட்டியிருந்த கயிற்றை இழுத்தார்கள். கயிறு நெடுகிலும் மண்கலயங்கள் கட்டியிருந்தன. ஒவ்வொரு கலயமாக மேலே வந்தது. ஒன்றைக் கவிழ்த்தபோது எட்டுக் கையுள்ள ஒரு பிராணி வழுவழுவென்று வழிந்து என் காலடியில் விழுந்தது. நான் அப்பாவின் மடியில் ஏறிக்கொண்டேன். அத்தை அதை அவரைக்காய் பறிக்கிறவளைப் போலச் சாதாரணமாக எடுத்துக் கூடையில் போட்டாள்.

அந்த இடத்தில் கடலுக்கு ஆற்றைப் போல ஓட்டம் உண்டு. எதிரே ஒரு தீவு. இடையில் ஒடுங்கிய நீர்வழி. நேரத்துக்கு நேரம் ஓட்டம் திசை மாறும். அது திரும்பும் நேரம் நெருங்கியதால் மீன்காரர் அவசரமாகக் கயிற்றை இழுத்தார். பெரிய அலையொன்று படகைத் தூக்கிப் போட்டது. இறுகிய கயிறு அவர் வலது கையைப் படகின் விளிம்போடு சேர்த்து நசுக்கியது. அத்தை பாய்ந்து கத்தியால் கயிற்றை அறுத்தாள். கலயங்கள் எல்லாம் போயின. கை மீண்டது; ஆனால் விரல்கள் கோணிக்கொண்டு, இரத்தம் நிற்காமல் வழிந்தது. அப்பா தலையில் கட்டியிருந்த துண்டை அவிழ்த்துக் கொடுத்தார். அதைச் சுற்றிக் கட்டுவதற்குள் படகு பக்கவாட்டில் திரும்பி, தீவுப் பக்கமாக இழுபடத் தொடங்கியது. தூரத்தில் புகைக்கப்பல் ஒன்று அதே வழியில் வந்துகொண்டிருந்தது.

அத்தை போய்த் துடுப்பைப் பிடித்தாள். தங்கை தவறி விழுந்துவிடுவாள் என்று அப்பா எழுந்திருக்கப் பார்த்தார். அவள் திரும்பாமலே சொன்னாள்:

“எந்திரிக்காதீகண்ணே. பிள்ளைய மடியில இறுக்கிக்கிட்டுக் கீழயே உக்காருங்க. நான் கொண்டுபோய்ச் சேத்துருவேன்.”

எங்கள் வீட்டில் அப்பாவை அப்படி யாரும் அதட்டிப் பேசி நான் கேட்டதில்லை. அவர் உட்கார்ந்துவிட்டார்.

மீன்காரர் படகின் அடியில் சாய்ந்தபடியே, பல்லைக் கடித்துக்கொண்டு ஜப்பான் பேச்சில் ஒவ்வொரு வார்த்தையாக வழி சொன்னார். அவள் அதே மொழியில் ஒற்றைச் சொல்லில் பதில் சொன்னாள். கரைக்கு நேராகப் போகாமல், ஓட்டத்தோடு சாய்ந்து சாய்ந்து படகை நகர்த்தினாள். கப்பல் எழுப்பிய அலையில் துடுப்பு கொண்டியிலிருந்து ஒருமுறை நழுவியது. இடுப்பால் முட்டுக்கொடுத்து அதை மறுபடி மாட்டினாள். கொண்டை அவிழ்ந்து முகத்தில் விழுந்தது. ஒதுக்குவதற்கு அவளுக்குக் கை இல்லை. அப்பாவின் நெஞ்சு என் முதுகில் திம் திம் என்று அடித்தது. நான் அத்தையையே பார்த்துக்கொண்டிருந்தேன். எனக்குப் பயமே இல்லை. அவள் என்னை ஒருநாளும் கைதவற விட்டவள் இல்லை.

நாங்கள் புறப்பட்ட துறைக்கு வெகுதூரம் தள்ளி, கூழாங்கல் கரை ஒன்றில் படகு முட்டியது. பெண்கள் ஓடிவந்து இழுத்தார்கள். மீன்காரரை ஒரு தட்டுவண்டியில் வைத்து வைத்தியரிடம் கொண்டுபோனார்கள். போகும்போது அவர் தலையை உயர்த்தி, அத்தையைப் பார்த்து இரண்டு முறை குனிந்து வணங்கினார்.

அப்பா கரையிலேயே உட்கார்ந்திருந்தார். இதை எப்போது கற்றுக்கொண்டாய் என்று அத்தையைக் கேட்டார்.

“அவுக போனப்பறம் எந்திரிக்காமக் கெடந்தேன்ணே. பக்கத்து வீட்டுப் பொம்பளதான் கையப் பிடிச்சு இழுத்துக்கிட்டு வந்து படகுல உக்கார வச்சா. நடுக்கடல்ல எம்புட்டு அழுதாலும் யாரும் ஒண்ணும் சொல்லல. அப்பறம் கையச் சும்மா வச்சிருக்கப் பிடிக்கல.” அவிழ்ந்த கொண்டையை முடிந்துகொண்டே, “நான் இங்குட்டே இருந்துக்கிறேண்ணே,” என்றாள்.

அப்பா அவளுடைய உள்ளங்கைகளைத் திருப்பிப் பார்த்தார். தோல் உரிந்து சிவந்திருந்தன.

“பசிக்குதுத்தா,” என்றார். “வீட்ல சோறு இருக்கா?”

அன்றைக்கு அந்த எட்டுக் கைப் பிராணியை அத்தை மிளகரைத்துக் குழம்பு வைத்தாள். அப்பா கேட்டு வாங்கிச் சாப்பிட்டார். அதற்குப் பிறகு ஊர்ப் பேச்சை அவர் எடுக்கவில்லை. திரும்பும்போது, மாமா இறந்ததற்காக அத்தைக்குப் பிறந்த வீட்டுக் கோடி என்று கொண்டுபோன வெள்ளைச் சேலை மடிப்புக் கலையாமல் பெட்டிக்கு அடியிலேயே வந்தது.

ஊரில் பங்காளிகள் எல்லோரும் வந்து உட்கார்ந்தார்கள். அவள் எங்கே என்றார்கள். அப்பா நிதானமாகச் சொன்னார்: “அவ வர்றேன்னுதான் அழுதா. நான்தான் வேணாம்னு சொல்லிட்டு வந்தேன்.”

ஒரு வாய்ச் சோற்றுக்குக் கணக்குப் பார்த்து, கூடப் பிறந்தவளை அந்நியச் சீமையில் தள்ளிவிட்டு வந்திருக்கிறீர்களே என்று பெரியம்மா வாய்விட்டே ஏசினாள். மற்றவர்களும் ஆளுக்கொரு சொல் சொன்னார்கள். அப்பா தலையைக் குனிந்துகொண்டு எல்லாவற்றையும் கேட்டார். நான் வாயைத் திறந்தேன். அவர் என் கையைப் பிடித்து அழுத்தினார், நான் மூடிக்கொண்டேன்.

எனக்கு அழுகையாக வந்தது. அத்தை அழவேயில்லை. இருந்துகொள்கிறேன் என்று சொன்னதே அவள்தான். கடலில் எங்களைக் காப்பாற்றியதும் அவள்தான். இதையெல்லாம் எடுத்துச் சொன்னால் இவர்கள் வாயடைத்துப் போவார்களே, இத்தனை பெரிய மனிதருக்கு அதுகூடத் தெரியவில்லையே என்று அப்பாவை நினைத்து வருத்தப்பட்டேன்.