கத்தாரிலிருந்து திறக்கும் கதவு

எத்தாளை ஊரில் ஸுல்பிகா சிரித்தால் மூன்றாவது வீட்டு வளவுக்குக் கேட்கும். கேட்டதும் அயல் பெண்கள் அடுப்பைக் குறைத்துவிட்டு வேலியடிக்கு வந்துவிடுவார்கள். ஸுல்பிகா சிரிக்கிறாள் என்றால் ஏதோ நடந்திருக்கிறது, நடந்ததை அவள் வாயால் கேட்டால்தான் ருசி.

அவளுடைய புருஷன் ஜெமீல் கத்தாரில் மின்சார வேலை. பெரிய மனிதர்களின் மாளிகைகளில் தானாக விரியும் திரைச்சீலை, ஆள் நுழைந்தால் எரியும் விளக்கு, விரலைக் காட்டினால் திறக்கும் கதவு என்று பூட்டிக் கொடுப்பவன். ஊரான் வீட்டுக்கெல்லாம் செய்து பார்த்தவனுக்குச் சொந்த வீட்டில் செய்து பார்க்க ஆசை வராதா? ஒருமுறை லீவில் வந்தபோது கம்பளியும் கொண்டுவரவில்லை, சொக்லேட்டும் கொண்டுவரவில்லை. பெட்டியைத் திறந்தால் வயர்.

"இதுக்காடி நான் சொந்தக்காரர் எல்லாருக்கும் சொல்லிவெச்சன்?" என்று ஸுல்பிகா மகள் ஹஸ்னாவிடம் கேட்டாள்.

ஜெமீல் ஏணியில் ஏறினான். லீவு முடிகிற வரைக்கும் இறங்கவில்லை என்றே சொல்லலாம். இறங்கியபோது வீடு வேறு வீடாகியிருந்தது. முன்கதவில் இலக்கத்துக்கோ விரலுக்கோ திறக்கும் மின்னும் பூட்டு, அதன் பக்கத்தில் கண்ணும் வாயும் உள்ள பெல், மண்டபச் சுவரில் பார்க்கவும் பேசவும் தெரிந்த ஒரு கெமரா, அலுமாரிக்கு மேலே கோப்பை அளவில் ஒரு பேசும் பெட்டி. பெட்டிக்குள் இருப்பவள் பெண். இங்கிலீஷ் மட்டும்தான் பேசுவாள். துரைசானி மாதிரிப் பேசுகிறாளே என்று ஸுல்பிகா அவளுக்கு நோனா என்று பெயர் வைத்தாள்.

"லைட்டப் போடு" என்றால் நோனா மன்னிப்புக் கேட்பாள். "லைட் ஒன்" என்றால் போடுவாள். ஹஸ்னாதான் உம்மாவுக்குப் பாடம் எடுத்தாள். ஸுல்பிகா படித்துக்கொண்டாள், ஆனால் ஒவ்வொரு கட்டளைக்குப் பின்னாலும் "ப்ளீஸ்" சேர்க்காமல் விடமாட்டாள். எவ்வளவுதான் பெட்டியென்றாலும் ஒரு பொம்புளையிடம் வேலை வாங்குகிறோம் இல்லையா?

ஆனால் அவள் உண்மையில் மயங்கிப்போனது வேறொன்றில். வீட்டுக்குப் பின்னால் அவளுடைய வெங்காயத் தோட்டம். கல்பிட்டி மணல், ஊற்றின தண்ணீரை உடனே குடித்துவிடும். கிணற்று மோட்டரைப் போடவும் நிறுத்தவும் வெயிலுக்குள் ஓடி ஓடியே அவள் கால் காய்த்திருந்தது. ஜெமீல் அந்த மோட்டரையும் போனோடும் நோனாவோடும் சேர்த்துவிட்டான். திரையில் ஒரு பொத்தான். தொட்டால் தோட்டத்தில் தண்ணீர் குடை விரித்துக்கொண்டு சுழலும்.

முதல் நாள் கட்டிலில் கிடந்தபடி போட்டுப் பார்த்தாள். பிறகு பஸ்ஸில் போகும்போது போட்டாள். கனமூலையில் ஒரு கலியாண வீட்டில் சோறு தின்றுகொண்டே போட்டாள், பக்கத்தில் இருந்த பெண்களிடம் "இப்ப எங்கட வெங்காயம் குளிக்குது" என்று சொல்லி அந்தக் கூட்டத்தையே சிரிக்கவைத்தாள். சந்தோஷத்துக்கு அளவு வேண்டாமா? அவளுடைய கூடப்பிறந்த நானா ஹயாத்து முகம்மது ஒருநாள் தோட்டத்துக்கு வந்து, கால் புதையப் புதைய நின்று கேட்டார்: "ஸுல்பிகா, நீ வெங்காயம் வெச்சீக்கியா, நெல்லு வெச்சீக்கியா?"

அன்றிலிருந்து கையைக் கொஞ்சம் அடக்கிக்கொண்டாள்.

ஜெமீல் திரும்பிப் போனான். போனவன் போனதாகவே தெரியவில்லை. காலையில் சுவர் பேசும். "மீன் என்ன மீன்? பாரையா?" பகலில் சுவர் பேசும். "கதிரையில இரிக்கிறது ஆரு? ஆ, மச்சானா? சரி சரி." ஸுல்பிகாவுக்கு முதலில் அது குதூகலமாகத்தான் இருந்தது. சுவரைப் பார்த்துச் சண்டை பிடித்தாள், சுவருக்கு வட்டிலப்பத்தைக் காட்டி ஆசை மூட்டினாள்.

பிறகு பரீனாவின் சம்பவம் நடந்தது.

பரீனா பக்கத்து வளவுக்காரி. சமையல் முடிந்ததும் வந்து, முக்காட்டை எடுத்துக் கதிரையில் போட்டுவிட்டு, ஈரத் தலையை விரித்து, காத்தாடிக்குக் கீழே சாய்ந்தால் அது ஒரு மணித்தியாலக் கதை. அன்றைக்குக் கதை அவளுடைய புருஷனின் குறட்டையைப் பற்றியது. குறட்டையைச் செய்தும் காட்டினாள். அந்த நேரம் பார்த்துச் சுவர் தொண்டையைச் செருமியது.

"அஸ்ஸலாமு அலைக்கும் பரீனா தங்கச்சி. சுகமா இரிக்கிறீங்களா?"

"யா அல்லாஹ்!" பரீனா எழும்பிய வேகத்தில் கதிரை கவிழ்ந்தது. அலுமாரிக்குப் பின்னால் ஒளியப் பார்த்தாள், இடம் காணாது. ஜன்னல் திரையை இழுத்துச் சுற்றிக்கொண்டாள், திரை கம்பியோடு கையில் வந்தது. திரையும் கம்பியுமாகவே வாசலைத் தாண்டித் தன் வீட்டுக்கு ஓடினாள். ஸுல்பிகா விழுந்து விழுந்து சிரித்தாள். கண்ணீர் வரச் சிரித்தாள். 

அடுத்த நாள் பரீனா வரவில்லை. அதற்கு அடுத்த நாளும் வரவில்லை. மற்றப் பெண்களும் வேலியடியோடு நின்றுகொண்டார்கள். "உள்ளுக்கு வாங்களேன்" என்றால், "வேணாம் ராத்தா, அடுப்பில சோறு இரிக்கு" என்றார்கள். எல்லார் வீட்டு அடுப்பிலும் எந்நேரமும் சோறு. மண்டபத்தில் தனியே உட்கார்ந்திருந்தபோதுதான் ஸுல்பிகா தன்னையே கவனித்தாள். சொந்த வீட்டுக்குள் முக்காடு போட்டு, காலை ஒடுக்கி, சம்பந்தி வீட்டுக்குப் போனவள் மாதிரி நிமிர்ந்து இருக்கிறாள். கடைசியாக எப்போது வாய்விட்டுச் சிரித்தாள் என்று யோசித்தாள். திரைக் கம்பி விழுந்த அன்றைக்குத்தான்.

எழும்பிப் போய் வெறும் பால்மா டின் ஒன்றைக் கொண்டுவந்து கெமராவின் தலையில் கவிழ்த்தாள்.

உடனே போன் அடித்தது.

"புள்ள, கெமரா இருட்டா இரிக்கு."

"ஓம். நான்தான் மூடினன்."

"ஏன்? என்ட வீட்ட நான் பாக்கிறதில என்ன பிழை?"

"வீடு ஒங்கட. பரீனா ஒங்கடயா?"

ஜெமீல் குரலை இறக்கிச் சொன்னான்: "ஆரயும் பாக்கணும் எண்டு பாக்கல்ல புள்ள. பகல் சோத்தத் தனியத் திங்க ஏலாம இரிக்கு. அதப் போட்டு வெச்சிட்டுத் திண்டா, வீட்டில இரிந்து திண்ட மாதிரி."

ஸுல்பிகாவின் கோபம் மணலில் ஊற்றின தண்ணீராய்ப் போய்விட்டது. ஆனால் டின்னை எடுக்கவில்லை. யோசித்து ஒரு வழி சொன்னாள். அதன்படி ஹயாத்து முகம்மது ஏணியில் ஏறி, கெமராவைக் கழற்றி, பின்பக்கச் சுவரில் வெங்காயத்தைப் பார்த்தபடி பூட்டினார். பகலில் ஸுல்பிகா தோட்டத்துக்குப் போய் அதற்குக் கை காட்டுவாள், அன்றைய கறி என்னவென்று சொல்லுவாள். கத்தாரில் ஜெமீல் வெங்காயத்தைப் பார்த்துக்கொண்டு சோறு தின்றான். போகப் போக அவனுடைய அறைக்காரர்களும் தட்டை எடுத்துக்கொண்டு வந்து உட்கார்ந்தார்கள். வெங்காயத்தை எப்போது கிண்டி எடுப்பீர்கள் என்று ஒரு நேபாளத்துக்காரன் நாள்தோறும் கேட்கிறானாம். பரீனாவும் தன் முக்காட்டையும் குறட்டையையும் எடுத்துக்கொண்டு மண்டபத்துக்குத் திரும்பி வந்தாள்.

இப்படியிருக்கையில் ஹஸ்னாவுக்குக் கனமூலையிலிருந்து சம்பந்தம் பொருந்தியது. மாப்பிள்ளையின் உம்மா ஆசியா உம்மா, நாலு பேர் மதிக்கும் மனுஷி, அதிகம் கதைக்கமாட்டார். ஒரு வெள்ளிக்கிழமை அஸர் தொழுகைக்குப் பிறகு பெண்ணுக்கு மோதிரம் போட வருவதென்று முடிவானது. ஜெமீலுக்கு லீவு கிடைக்கவில்லை. அங்கிருந்தபடியே பார்ப்பதற்காகப் புதுச் சட்டை வாங்கிப் போட்டுக்கொண்டான்.

அதோடு நின்றிருக்கலாம். வீட்டில் நகையும் சாமானும் இருக்கிறதே என்று பயந்து, அதற்கு முந்தின நாள் அங்கிருந்தே பூட்டின் இலக்கத்தை மாற்றிவிட்டான். கதவு சாத்தினால் தானாகப் பூட்டிக்கொள்ளவும் செய்துவிட்டான். இதையெல்லாம் குரல் செய்தியாக ஸுல்பிகாவுக்கு அனுப்பவும் அனுப்பினான். அவள் தொடக்கத்தைக் கேட்டாள். கள்ளர்களைப் பற்றிய நீண்ட கதையாக இருந்தது. நெய்ச்சோற்றுக்கு ஏலம் போதாது என்ற கவலையில் போனை வைத்துவிட்டாள்.

வெள்ளிக்கிழமை மாப்பிள்ளை வீட்டு வான் வண்டிகள் வந்து நின்றன. ஹஸ்னா பரீனா வீட்டில் சோடித்துக்கொண்டிருந்தாள். வீட்டுப் பெண்கள் எல்லாரும் சர்பத் தட்டுகளோடு வாசலுக்கு இறங்கினார்கள். ஆசியா உம்மா வானிலிருந்து காலை எடுத்து வைத்த அதே நேரம் சோளகக் காற்று ஒரு மூச்சு விட்டது. முன்கதவு படாரென்று சாத்தியது. டிங் டிங் என்று பூட்டு பாடியது.

ஸுல்பிகா சிரித்துக்கொண்டே போய் விரலை வைத்தாள். சிவப்பு. மற்ற விரலை வைத்தாள். அதற்கும் சிவப்பு. விரல் நுனியெல்லாம் தடிப்பாக மருதோண்டி! ஹஸ்னாவைக் கூட்டிவந்து விரலை வைக்கச் சொன்னால் அவள் கையில் இன்னும் தடிப்பு. பழைய இலக்கத்தை அடித்தாள். பூட்டு ஏற்கவில்லை. சாவி? அலுமாரிக்குள். போன்? அதுவும் உள்ளே. பின்கதவு? உள்ளே தாழ்ப்பாள். ஜன்னலுக்கெல்லாம் கம்பி. அடுக்கி வைத்த நெய்ச்சோறும் கோழியும் வட்டிலப்பமும் ஜன்னல் வழியே அழகாகத் தெரிந்தன. முற்றத்தில் மாப்பிள்ளை வீட்டார் பட்டும் அபாயாவும் காற்றில் பட்டம் போலப் பறக்க, கண்ணில் மணல் விழ நின்றார்கள்.

"நோனாவிடம் சொல்லுங்க ராத்தா!" என்றாள் பரீனா.

ஸுல்பிகா ஜன்னல் கம்பியில் வாயை வைத்துக் கத்தினாள்: "ஓப்பன் த டோர், ப்ளீஸ்!"

காற்று இரைச்சலில் நோனாவுக்கு என்ன விளங்கியதோ. டோர் என்றது மோட்டர் என்று கேட்டிருக்க வேண்டும். "ஓகே" என்றாள். தோட்டத்தில் தண்ணீர் எழும்பிச் சுழன்றது. அதைக் காற்று அப்படியே அள்ளி, வீட்டைச் சுற்றிக் கொண்டுவந்து, கனமூலைச் சம்பந்தக்காரர்களின் தலையில் பன்னீராகத் தெளித்தது.

அந்த நேரத்தில் பெல்லுக்குள்ளிருந்து ஜெமீல் பேசினான். எல்லாம் பார்த்துக்கொண்டுதான் இருந்திருக்கிறான்.

"புள்ள, பொறு. நான் இங்கயிருந்து திறக்கப் பாக்கிறன். அப்டேட் பண்ணு எண்டு கேக்குது."

"என்ன கேக்குது?"

"அப்டேட். கொஞ்ச நேரம் செல்லும்."

"சோறு ஆறுது! இலக்கத்தச் சொல்லுங்க!"

"இவ்வளவு சனத்துக்கு முன்னால எப்பிடிச் சொல்ற? ஒனக்குத் தெரிஞ்ச இலக்கம்தான். எங்கட நிக்காஹ் நடந்த திகதி."

எல்லாரும் ஸுல்பிகாவைப் பார்த்தார்கள். அவள் வானத்தைப் பார்த்தாள்.

"அது... வெள்ளிக்கிழமை" என்றாள்.

"வெள்ளிக்கிழமை எண்டு அடிக்க ஏலாது புள்ள!" பெல்லின் குரலில் மனத்தாங்கல் தெரிந்தது.

"மார்கழி" என்றார் ஹயாத்து முகம்மது. "நல்ல மழை."

"மழையா? வேர்த்து ஊத்தின எனக்குத் தெரியாதா?" என்றாள் ஸுல்பிகா.

மாப்பிள்ளை வீட்டுப் பெரியவர்களும் புகுந்துகொண்டார்கள். எந்த வருஷம், நோன்புக்கு முன்னாலா பின்னாலா என்று ஆளுக்கொரு கணக்கு. ஜெமீல் கத்தாரிலிருந்து எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டே இருந்தான். கடைசியில் அவனால் தாங்க முடியவில்லை.

"பூச்சியம் நாலு! பூச்சியம் ஆறு! தொண்ணூற்றொன்பது!"

காற்றில் பாதி பறந்துபோனது. வானருகில் நின்றவர்கள் கேட்டதைத் திருப்பிக் கத்தினார்கள். பிள்ளைகள் அதைப் பாட்டாக்கிக் குதித்தார்கள். "பூச்சியம் நாலு, பூச்சியம் ஆறு!" ஊரே பாட, ஸுல்பிகா மருதோண்டி விரலால் ஒவ்வொன்றாக அடித்தாள். பச்சை. கதவு திறந்தது.

யாரும் நகரவில்லை. ஆசியா உம்மாவின் முகத்தில் தண்ணீர் சொட்டிக்கொண்டிருந்தது. அவர் முக்காட்டு முனையால் அதைத் துடைத்தார். பெல்லைப் பார்த்தார், ஸுல்பிகாவைப் பார்த்தார். உதடு துடித்தது. பிறகு வெடித்தாரே ஒரு சிரிப்பு! வான் கதவைப் பிடித்துக்கொண்டு, வயிற்றை அமத்திக்கொண்டு சிரித்தார். அதைக் கண்டு ஸுல்பிகா தன் சிரிப்பை அவிழ்த்துவிட்டாள். எத்தாளையில் அன்றைக்கு எத்தனை வளவுக்குக் கேட்டதோ தெரியாது. மோதிரம் போடும்போதும் இரண்டு சம்பந்திகளும் ஒருவரையொருவர் பார்க்காமல் இருக்கப் பாடுபட்டார்கள். பார்த்தால் மறுபடி தொடங்கிவிடும்.

"மச்சி," என்றார் ஆசியா உம்மா போகும்போது, "அந்த மோட்டர் வேலையை மட்டும் எங்கட மிளகாய்த் தோட்டத்துக்கும் செஞ்சு தர ஏலுமா? கதவு வேணாம்."

ஸுல்பிகா செய்து கொடுத்தாள். போனில் ஜெமீல் வழி சொல்ல, வயரைத் தானே பிடித்து, ஹயாத்து முகம்மது திட்டிக்கொண்டே ஏணி பிடிக்க, கனமூலையில் ஒன்று. பிறகு பரீனாவுக்கு ஒன்று. இப்போது அந்தக் கரையில் மோட்டருக்குப் போன் பூட்டுவதென்றால் ஸுல்பிகா ராத்தாவைத்தான் கூப்பிடுவார்கள்.

கதவு இலக்கத்தை மோதிரம் போட்ட மறுநாளே அவள் மாற்றிவிட்டாள். ஊரே பாடும் இலக்கத்தை வைத்துக்கொண்டு என்ன செய்ய? ஜெமீல் மூன்று தரம் கேட்டும் புது இலக்கத்தைச் சொல்லவில்லை.

"அப்ப கலியாணத்துக்கு வரக்குள்ள நான் எப்பிடி உள்ளுக்கு வாற?" என்று கேட்டான்.

"வந்து தட்டுங்க," என்றாள் ஸுல்பிகா. "திறந்து விடுறன்."