நூற்றிருபது, ஏறக்குறைய

ஜப்பான்காரன் காலத்தில், மலாயாவில் தம்பின் ஊர்ப் பக்கத்து ரப்பர்த் தோட்டம் ஒன்றில் பிள்ளைகளுக்குக் கணக்குச் சொல்லிக்கொடுத்தேன். எனக்குப் பத்தொன்பது வயது. அப்பா அதே தோட்டத்தில் பால்வெட்டுக்காரர். எங்கள் குடும்பத்தில் எழுத்துக் கூட்டி வாசித்த முதல் ஆள் நான். பழைய வாத்தியார் ஒரு நாள் சொல்லாமல் கிளம்பிப் போனதும் பள்ளிக்கொட்டகை என் கைக்கு வந்தது. காலையில் ஜப்பானியப் பாட்டு; அதன் பிறகு நான் வைத்ததுதான் பாடம்.

பிள்ளைகள் விரல்விட்டு எண்ணுவார்கள், பாதியில் மறந்து மறுபடி ஒன்றிலிருந்து தொடங்குவார்கள். கூட்டுவதற்கு முன்பே விடை எந்தப் பக்கம் வந்து விழும் என்று தெரிந்துவிட்டால் பிழை செய்ய மாட்டார்கள் என்று நினைத்தேன். முப்பத்தெட்டா, நாற்பதென்று வைத்துக்கொள். இருபத்தேழா, முப்பது. அதற்குக் 'கிட்டத்துப் பத்து' என்று பெயர் வைத்தேன். மரவள்ளிக் கிழங்கை வைத்துச் சொன்னபோது அவர்களுக்குப் பசிதான் வந்தது. அதனால் ஒரு திங்கட்கிழமை, "நாளைக்கு அவங்கவங்க லயத்துல மொத்தம் எத்தனை பேர்னு எண்ணிட்டு வாங்க" என்றேன்.

தொழிலாளர் வரிசை வீடுகளான லயங்களில், ஆள்களைத் தலை சுட்டி எண்ணக்கூடாது என்பது வழக்கம். விளையாட்டுக்குப் பிள்ளைகளை எண்ணினால்கூடத் தாய்மார் வைவார்கள். எண்ணுகிற உரிமை தோட்டக் கணக்கு எழுதும் கிராணி ஒருவருக்குத்தான். அதிகாலைப் பெரட்டில், ஆள்களை வரிசையாக நிறுத்திப் பேர் கூப்பிடும்போது. இது எனக்குத் தெரியாததல்ல. படித்தவன் என்ற நினைப்பில் தள்ளிவைத்திருந்தேன்.

மறுநாள் மூன்று லயத்துக் கணக்கும் சிலேட்டில் வந்தது. முப்பத்தெட்டு, இருபத்தேழு, ஐம்பத்திரண்டு. கரும்பலகையில் நாற்பது, முப்பது, ஐம்பது என்று எழுதிக் கூட்டினோம். நூற்றிருபது. சரியாகக் கூட்டினால் நூற்றுப்பதினேழு.

"மூணுதான் சார் வித்தியாசம்!" என்று கத்தினார்கள். எனக்கும் பெருமைதான். பலகையை அழிக்காமல் வீட்டுக்குப் போனேன்.

சாயங்காலம் அப்பா என்னை உள்ளே கூப்பிட்டுக் கதவைச் சாத்தினார்.

"ஒன்ன யாருடா எண்ணச் சொன்னா? கிராணியா, ஜப்பான்காரனா?"

"யாரும் சொல்லலப்பா. பாடம்."

"பாடமாம்லா! சயாமுக்கு ரயில்பாதை போட ஆளு புடிக்கிறான். இப்பப் போயி எம்மவன் தலை எண்ணுறான். பைப்படிக்குத் தண்ணி புடிக்க நான் போனா பேச்ச நிறுத்துறாளுங்க."

பிறகு குரலைத் தாழ்த்தினார். கோலா சாவா பக்கத் தோட்டங்களில் ஆள் பிடித்தபோது தப்பி வந்த எட்டுப் பேர் மூன்றாம் லயத்தில் ஒளிந்திருக்கிறார்கள். கிராணி புத்தகத்தில் அவர்கள் பேர் இல்லை. அதில் மூன்று லயத்துக்கும் சேர்த்து, பிள்ளைகள் உள்பட நூற்றொன்பதுதான். என் மாணவர்கள் ஒளிந்திருந்த அந்த எட்டுப் பேரையும் சேர்த்து எண்ணிவிட்டார்கள்.

"ஒனக்கு நெசமாவே தெரியாதா?"

"தெரியாதுப்பா."

அப்பா என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். நம்பினார் என்று சொல்ல முடியவில்லை.

விடிந்ததும் பலகையை அழிக்க ஓடினேன். கிராணி அதன் முன்னால் நின்றுகொண்டிருந்தார். வழக்கமாக நாற்பது பிள்ளைகள் வரும் கொட்டகையில் மூன்றே பேர்.

"என்னா தம்பி, நூத்தி இருவது? எம் புஸ்தகத்துல நூத்தி ஒம்பதுதானே?"

"அது சுமார் கணக்கு ஐயா."

"நாப்பதுன்னு போட்டிருக்கே. எண்ணுனப்ப எத்தனை?"

முன்வரிசைப் பெண் ஒருத்தியின் சிலேட்டில் ஐம்பத்திரண்டு அப்படியே இருந்தது. அவள் எச்சில் தொட்டு முழங்கையால் தேய்த்தாள். புரிந்து செய்தாளா, புதுக் கணக்குக்கு இடம் பண்ணினாளா, தெரியாது.

"முப்பத்தஞ்சுலேர்ந்து நாப்பத்தி நாலு வரைக்கும் எதுவானாலும் நாப்பதுதான் ஐயா. முப்பதும் அம்பதும் அதே மாதிரி. மூணையும் சேர்த்தா நூத்தி அஞ்சாவும் இருக்கலாம். ஒங்க நூத்தி ஒம்பது இதுக்குள்ள அடங்குது."

அவர் உதடு அசைய மனதுக்குள் கூட்டிப் பார்த்தார். சிரித்தார்.

"அடங்குதுலா. நல்ல பாடம் கண்டுபுடிச்சே." வாசல் வரை போய்த் திரும்பினார். "லயத்துக்குப் புதுசா யாரும் வந்தா எங்கிட்ட சொல்லுவேதானே?"

"சொல்லுவேன் ஐயா."

அவருக்குத் தெரிந்துவிட்டதா, தெரிந்தே விட்டுவிட்டாரா என்று அன்றைக்குப் பிடித்த சந்தேகம் இன்னும் தீரவில்லை.

சில வாரம் கழித்து ஆள் பிடிக்க ஜப்பான்காரன் லாரி வந்தது. கிராணியின் புத்தகத்தைப் பார்த்துப் பேர் கூப்பிட்டுப் பதினெட்டுப் பேரை ஏற்றினார்கள். அந்த எட்டுப் பேரில் ஒருவரும் அகப்படவில்லை. எனக்கு மூச்சு வந்தது.

மறுநாள் பைப்படியில் இரண்டாம் லயத்து அக்கா ஒருத்தி என் வழியை மறித்தாள். பதினெட்டில் ஒருவர் அவள் கணவர்.

"ஏன் வாத்தியாரே, வந்தவனுங்க எட்டுப் பேரும் தப்பிச்சிட்டானுங்க. எம்புருசன எந்தப் பத்துல சேத்து எழுதிக் குடுத்தே?"

"நான் எதுவும் குடுக்கலக்கா. அது பெரட்டுப் புஸ்தகம்."

"அப்ப எதுக்குக் கிராணி ஒங்கொட்டாயில நின்னு சிரிச்சிட்டுப் போனாரு?"

சொல்ல வாயெடுத்தேன். அவர் கேட்டது, நான் மறைத்தது, எதை எப்படிச் சொன்னாலும் பொய்யாகவே கேட்கும் போலிருந்தது. சுற்றி நின்றவர்களில் ஒருவரும் அவளை அடக்கவில்லை. அப்பாவும் அங்கேதான் இருந்தார். குடத்தில் தண்ணீர் விழுவதையே பார்த்துக்கொண்டிருந்தார்.