வாசமில்லாத செடிகளாகப் பார்த்து

நார்த்தாமலை போகிற சாலையில் மகள் வீடு கட்டியிருக்கிறாள். சுற்றிலும் செடி வைக்க ஓர் இளைஞர் வந்தார். செல்போனில் படம் படமாகத் தள்ளிக்கொண்டே, "வாசப்பூ வேணுமாம்மா, இல்ல சும்மா ஷோவுக்கா?" என்று கேட்டார்.

"மரமல்லி இருக்கா தம்பி?"

"அது மட்டும் வேணாம்மா. வேருல கன்னு வெடிச்சுக்கிட்டே கெடக்கும். ஒழிக்கவே முடியாது."

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. ஒழிக்கலாம். எங்கள் வீட்டில் ஒழித்திருக்கிறோம்.

அவர் போன பிறகு என் மூக்கில் பெரியப்பாவின் மூக்குப்பொடி நெடி வந்து நின்றது. என் மூளை அப்படி. கண்ணாடியை நெற்றியில் ஏற்றிவிட்டு வீடு முழுக்கத் தேடுவேன். அந்தப் பொடி மட்டும் நேற்றுப் போட்டதுபோல நெடியடிக்கும்.

சமஸ்தானம் இந்தியாவோடு சேர்ந்த மறு வருஷம் அவர் புதுக்கோட்டையில் புது வீடு கட்டினார். சமஸ்தான ஆபீசில் குமாஸ்தாவாக இருந்தவர். அரண்மனைத் தோட்டத்தை வெளியே நின்றே பார்த்துப் பழகியவர், அதைப்போல ஒன்று தமக்கும் வேண்டும் என்று ஆசைப்பட்டார். திருச்சியிலிருந்து பஸ் மேல் ஏற்றிக் கன்றுகள் வந்தன. குரோட்டன்ஸ், காகிதப்பூ, விசிறி வாழை, நெட்டிலிங்கம். வந்தவர்கள் எல்லோரும் ரசனையைப் புகழ்ந்தார்கள். வெற்றிலைச் சாற்றைத் துப்பிவிட்டு வந்து மேலும் புகழ்ந்தார்கள்.

அது ரசனை இல்லை என்பது வீட்டுக்குள் இருந்தவர்களுக்குத் தெரியும். பெரியப்பாவின் தங்கை, என் சிவகாமி அத்தை, இருபது வயதில் தாலி இழந்து எங்களோடு வந்து இருந்தாள். கணவர் வாத்தியார். விஷக்காய்ச்சலில் போய்விட்டார். அத்தை வந்த வாரமே பழைய வீட்டிலிருந்த மல்லிகைப் பந்தலைப் பெரியப்பா பிரித்துப்போட்டார். புது வீட்டுக்கு அவர் செடி தேர்ந்தெடுத்த விதி ஒன்றுதான்: பூ மணக்கக் கூடாது, தலையில் வைக்க ஆகக் கூடாது. ஊரெல்லாம் வேலிக்கு மருதாணி வைப்பார்கள். அதுகூட எங்கள் வீட்டில் கிடையாது, கை சிவந்துவிடுமாம்.

"வாசம் பட்டா மனசு அலையும்" என்பார். யாருடைய மனசு என்று சொல்லமாட்டார். அத்தை கேட்கும்படி மட்டும் சொல்வார். பூக்காரி வாசலோடு சரி. என்னைப் பெற்ற ஆத்தாவும் நானும் பூவை அறைக்குள் போய் வைத்துக்கொள்ள வேண்டும். அத்தனை செடிக்கும் கிணற்றில் இறைத்துத் தண்ணீர் ஊற்றுகிற வேலை அத்தைக்கு.

நெட்டிலிங்கக் கன்றுகளோடு வேறொரு கன்றும் தவறிப்போய் வந்திருந்தது. என்ன மரம் என்று பெரியப்பாவுக்குத் தெரியவில்லை. தெரியவில்லை என்று சொல்கிற பழக்கமும் அவருக்கு இல்லை. "இது சீமை வேம்பு. நோய் அண்டாது" என்று கிணற்றடியில் நடச் சொன்னார்.

அத்தை ஓர் இலையைக் கிள்ளிப் பார்த்தாள். சாயங்காலம் என்னைக் கூப்பிட்டு, "இது மரமல்லிடி. ஒங்க மாமா வேலை பாத்த பள்ளிக்கூடத்து வாசல்ல நின்னுச்சு. வெளிய சொல்லிப்புடாத, பூக்க நாளாகும்" என்றாள். அந்த வீட்டுக்கு வந்த பிறகு அவள் முகத்தில் நான் பார்த்த முதல் சந்தோஷம் அது.

ஆறேழு வருஷம் பூக்கவில்லை. எங்கள் ஊர்க் கோடையில் கிணறு தரை தட்டும்போது குரோட்டன்ஸ் காய்ந்தாலும் காயும், சீமை வேம்பு மட்டும் காயாது. ஓர் ஐப்பசி மழைக்குப் பிறகு பூத்தது. வெள்ளையாக, நீளக் காம்போடு, விடியுமுன் தரையெல்லாம் கொட்டிக் கிடந்தது. பெரியப்பா எழுவதற்குள் அத்தை கூட்டி அள்ளிவிடுவாள். காம்போடு காம்பைப் பின்னினால் நாரே வேண்டாம், சரமாகிவிடும். பின்னி என் தலையில் வைப்பாள், தள்ளி நின்று பார்ப்பாள், எடுத்துவிடுவாள். அப்போது எனக்கு இடுப்புவரை முடி. இன்று வைத்தால் பூவின் பாரத்துக்கே முடி கையோடு வந்துவிடும். ஒரு கைப்பிடிப் பூவை மட்டும் முந்தானையில் முடிந்து இடுப்பில் செருகிக்கொள்வாள். ஆத்தாவுக்குத் தெரிந்தது. காலையிலேயே சாம்பிராணி போட ஆரம்பித்தாள்.

பெரியப்பாவுக்குத் தெரியவில்லை. பொடி போட்டே செத்துப்போன மூக்கு. தோட்டத்தையே வாசனைக்குப் பயந்து போட்டவர், தலைக்கு மேல் பூத்துக் கொட்டுவதை அறியாமல் அதன் கீழே நின்று பல் விளக்கினார்.

கொடும்பாளூரிலிருந்து வந்த உறவுக்காரர் ஒருவர்தான் கெடுத்தார். கால் கழுவக் கிணற்றடிக்குப் போனவர், "என்ன மச்சான், மரமல்லி இந்த மணம் மணக்குது! கொடுத்து வச்சவரய்யா நீரு" என்றார். நல்ல மனுஷர், வாழ்த்தத்தான் செய்தார்.

பெரியப்பா ஒரு பூவை எடுத்து மூக்கில் வைத்தார். தும்மினார். அத்தையைக் கூப்பிட்டார்.

"தெரிஞ்சேதான் தண்ணி ஊத்துனியா?"

"ஆமாண்ணே."

பொய் சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. மறுநாள் மரத்தை வெட்டினார்கள். பூவும் மொட்டுமாக விழுந்தது. அத்தை அடுப்படியில் இருந்தாள். கிளைகள் அவளிடமே விறகாக வந்தன.

மழை பெய்ததும் வேரிலிருந்து கன்றுகள் வெடித்தன. கிணற்றடி, சுவரோரம், துவைக்கிற கல்லின் இடுக்கு எல்லாம். "நீதான வளத்த? ஒன் கையாலயே புடுங்கு" என்றார் பெரியப்பா. தினமும் காலையில் கைத்தடியோடு பின்னால் வருவார். "அங்கிட்டு ஒண்ணு. இங்கிட்டுப் பாரு, ரெண்டு." அத்தை குனிந்து குனிந்து பிடுங்குவாள், வேர் வரும்வரை தோண்டுவாள். எனக்கு வேலை கிடைத்து, கல்யாணமாகி, விடுமுறைக்கு வந்தபோதும் இது நடந்துகொண்டிருந்தது. அவர் போய் எத்தனையோ வருஷமாகிவிட்டது. எனக்கு ஆத்திரம் அடங்கவில்லை, அடங்கவும் வேண்டாம்.

அறுபதுகளின் கடைசியில் அத்தை போனாள். வெள்ளைக் கோடி போர்த்தினார்கள். பூ கிடையாது, விதவைக்கு எதற்குப் பூ. தோட்டத்தில் காகிதப்பூ சிவப்பாகப் பூத்துக் கிடந்தது. பெரியப்பா கைத்தடியை ஊன்றி நின்று ஆட்களுக்கு வழி சொன்னார்.

அந்த ஐப்பசிக்கு மழை நன்றாகப் பெய்தது. பிடுங்கத்தான் ஆள் இல்லையே, இனி முளைக்கும் என்று நான் லீவு போட்டுவிட்டு வந்தேன். கிணற்றடியில் குனிந்து பார்த்தேன். சுவரோரம் பார்த்தேன். கல்லைப் புரட்டினேன். ஒரு கன்று இல்லை.

அத்தை எந்த வேலையையும் அரைகுறையாகச் செய்யமாட்டாள்.