எட்டு இருபத்தைந்திலிருந்து ஆறு பத்து வரை

நாயைக் கூட்டி வந்த அன்று அதற்கென்று நாற்பது பக்க நோட்டு ஒன்று வாங்கினேன். ஆலங்குடியில் ஒரு ரத்தப் பரிசோதனைக் கூடத்தில் இருபத்திரண்டு வருடமாக வேலை பார்க்கிறேன். ரத்தம் எடுத்த நேரத்தைக் குழாயின் மேல் எழுதாமல் அடுத்த ஆளைக் கூப்பிட மாட்டேன். வீட்டிலும் அப்படித்தான். சிலிண்டர் மாட்டிய தேதி, மோட்டார் போட்ட நேரம், பால் திரிந்த நாள் எல்லாம் என் டைரியில் இருக்கும். மகள் ஓசூருக்கு வேலைக்குப் போன பிறகு எழுத விஷயம் குறைந்துவிட்டது. டைரியில் பாதிப் பக்கம் காலியாகவே கிடந்தது.

என் கணவர் ஆவூர்ப் பக்கம் ஒரு பள்ளியில் கணக்கு ஆசிரியர். புதுக்கோட்டை ஓரத்தில் இருக்கும் எங்கள் வீட்டிலிருந்து அவர் ஒரு திசை, நான் அதற்கு எதிர்த்திசை. அவருக்குக் காலை ஏழு இருபதுக்குப் பஸ். நான் எட்டு இருபத்தைந்துக்கு வீட்டைப் பூட்டுவேன். சாயங்காலம் ஆறு பத்துக்குத் திரும்புவேன். அவர் சிறப்பு வகுப்பு முடித்து வர ஏழரை ஆகும். நாய் வளர்க்கலாம் என்று சொன்னது அவர்தான். "உள்ள நுழையுறப்ப ஏதாவது ஒண்ணு எந்திரிச்சு வரணும்" என்றார். வீட்டுக்கு முதலில் வருவது நான். அதனால் அந்தப் பேச்சு எனக்காகத்தான் என்று எடுத்துக்கொண்டேன்.

குடுமியான்மலை போகும் சாலையில் ஒரு பெண் கைவிடப்பட்ட நாய்களை எடுத்துப் பராமரிக்கிறாள். அவளிடம் போனோம். செம்பழுப்பு நிறத்தில், ஒரு காது கிழிந்த நாட்டுநாய் ஒன்றைக் காட்டினாள். பொட்டை. வாடகை வீட்டைக் காலி செய்தவர்கள் காம்பவுண்டுக்குள் அதை விட்டுக் கேட்டைப் பூட்டிவிட்டுப் போய்விட்டார்கள். மின்கணக்கு எடுக்க வந்தவர் பார்த்துச் சொல்லும்வரை நான்கு நாள் உள்ளேயே கிடந்திருக்கிறது.

"ரெண்டு பேருமே வேலைக்குப் போறீங்க. பகல்ல எப்படிங்க சமாளிப்பீங்க?" என்று கேட்டாள்.

நடை, சாப்பாடு, தண்ணீர், குளியல் என்று நேரம் போட்டு எழுதி வைத்திருந்த தாளை நீட்டினேன். படித்துவிட்டுச் சிரித்தாள்.

"நாய்க்கும் அட்டென்டன்ஸ் போடுவீங்க போலருக்கே மேடம். சரி, ரெண்டு மாசம் பாருங்க. ஒத்து வரலைன்னா நானே வந்து கூட்டிக்கிறேன். ஒத்து வந்தா ஒங்க பேருல எழுதிரலாம்."

அது என் பெயரில் எழுதப்பட வேண்டும் என்று நான் விரும்பினேன். எவ்வளவு விரும்பினேன் என்பதைக் கணவரிடம்கூடச் சொல்லவில்லை.

முதல் இருபது நாள் நோட்டை இப்போது பார்த்தாலும் குறை சொல்ல முடியாது. 'காலை நடை இருபத்தைந்து நிமிடம். சோறு மிச்சமில்லை. குரைப்பு இல்லை.' ஆறு பத்துக்கு நான் கேட்டைத் திறந்தால் உடம்பையே வளைத்துக்கொண்டு ஓடி வரும். அந்த நேரத்துக்காகவே பஸ்ஸில் முன்படி அருகே உட்கார ஆரம்பித்தேன்.

இருபத்தோராம் நாள் பக்கத்து வீட்டுப் பெண் மதிலருகே கூப்பிட்டாள். வீட்டிலேயே ரவிக்கை தைப்பவள். கணவர் குவைத்தில். அவள் தையல் மிஷின் போட்டிருக்கும் ஜன்னல் எங்கள் போர்டிகோவைப் பார்த்தபடி இருக்கும்.

"அக்கா, தப்பா எடுத்துக்காதீங்க. நீங்க போனதும் அது அழுகுதுக்கா."

"குரைக்கிற நாயே இல்லம்மா அது. நான் தினமும் எழுதி வச்சிருக்கேன்."

"நீங்க வீட்டுல இருக்கறப்ப எழுதுறீங்க. நான் நீங்க இல்லாதப்ப சொல்றேன்."

எனக்குக் கோபம்தான் வந்தது. மறுநாள் விடுப்பு போட்டேன். வழக்கம்போல் எட்டு இருபத்தைந்துக்குக் கேட்டைப் பூட்டினேன். பூட்டை மூன்று தடவை இழுத்துப் பார்த்தேன். தெருமுனை வரை நடந்து, பின் சந்து வழியாக அவள் வீட்டுக்குப் போய், நாய்க்குத் தெரியாதபடி கதவுக்குப் பின்னால் நோட்டும் பேனாவுமாக உட்கார்ந்தேன். நான் உள்ளே வரும்போதே அது தொடங்கியிருந்தது. அது குரைப்பு இல்லை. நீளமாக இழுத்து, மூச்சு முட்டியதும் நின்று, மறுபடி இழுக்கும் ஓலம்.

"பூட்ட நீங்க மூணாவது தடவ இழுத்ததும் ஆரம்பிச்சிரும்க்கா" என்றாள் அவள். "நான் அதை வச்சுத்தான் மணியே பாத்துக்கிறது."

பூட்டிய கேட்டுக்குள் நான்கு நாள் என்று நோட்டின் முதல் பக்கத்தில் எழுதியிருந்தது நான்தான். அதை எழுதிய கையாலேயே தினமும் பூட்டை ஆட்டியிருக்கிறேன்.

ஒன்பது பத்துக்கு அவள் மிஷினை மிதிக்கத் தொடங்கியதும் ஓலம் நின்றது. இஸ்திரி போட அவள் எழுந்தால் மறுபடி தொடங்கியது. உட்கார்ந்தால் அடங்கியது. மதியம் அவள் சோற்றுத் தட்டோடு ஜன்னலுக்குப் போனாள்.

"என்னடி ஆத்தா, தொண்ட வலிக்கலயா ஒனக்கு? சாயங்காலம் வந்துரும்டி ஒங்க வீட்டம்மா. அதுவரைக்கும் நான் இங்கிட்டுத்தான கெடக்கேன்."

மதிலில் வால் அடிக்கும் சத்தம் கேட்டது. ஆறு பத்து வரை கதவுக்குப் பின்னாலேயே இருந்தேன். என் வீட்டின் பகலை நான் கேட்டது அன்றுதான்.

மறுநாள் பூட்டை இழுக்காமல் போனேன். பூட்டு விழுந்ததா இல்லையா என்ற கவலையில் பஸ்ஸில் நிம்மதியாக உட்கார முடியவில்லை. எட்டே முக்காலுக்கு அவள் போன் செய்தாள். "இழுக்காம போயிட்டீங்களாக்கா? இன்னைக்கு ஒரு நிமிஷம் லேட்டா ஆரம்பிச்சிச்சு. அம்புட்டுத்தான்."

அந்த வாரமே கேட்டின் இரண்டாவது சாவியை அவளிடம் கொடுத்தேன். பகலில் நாய் அவளுடைய மிஷினுக்கு அடியில், வெட்டி மிஞ்சிய துணிகளின் மேல் படுத்துக்கொண்டது. அழுகை நின்றது. நான் ஆறு பத்துக்குப் போய்க் கூட்டி வந்தேன். முதலில் எனக்கு முன்னால் ஓடி வந்தது. பத்து நாள் கழித்து இரண்டு தடவை கூப்பிட வேண்டியிருந்தது. பிறகு வாசல் வரை வந்து அவளைத் திரும்பிப் பார்த்தது. அதையெல்லாம் எழுதினேன். எழுதியதைத் திருப்பிப் படிக்கவில்லை.

இரண்டு மாதம் முடிய ஒரு வாரம் இருக்கும்போது, ஒரு ஞாயிற்றுக்கிழமை அவள் திருமயத்தில் இருக்கும் அக்கா வீட்டுக்குப் போனாள். நாங்கள் இருவரும் வீட்டில் இருந்தோம். எனக்குச் சந்தோஷமாகவே இருந்தது. நாய்க்குக் கறி வேகவைத்தேன். சாப்பிட்டது. சாப்பிட்டுவிட்டுப் போய் ஜன்னலுக்கு நேரே மதிலை ஒட்டிப் படுத்துக்கொண்டது. கணவர் நாற்காலியை அங்கேயே போட்டு, பக்கத்தில் உட்கார்ந்து விடைத்தாள் திருத்தினார். இடையிடையே முதுகைத் தடவினார். வாலை ஒருமுறை ஆட்டும். எழுந்திருக்காது.

ஐந்து நாற்பதுக்குப் பக்கத்து வீட்டுக் கேட் திறந்தது. நாய் மதில்மேல் முன்னங்காலைத் தூக்கி வைத்து ஒரு சத்தம் போட்டது. எனக்காக அது அப்படி ஒரு சத்தம் போட்டதில்லை. அதைத் தெரிந்துகொள்ள நோட்டைப் புரட்ட வேண்டியிருக்கவில்லை.

அவள் ஓடி வந்து, என் முகத்தைப் பார்த்ததும் நின்றுவிட்டாள்.

"நான் ஒண்ணும் பழக்கலக்கா. அதுவாத்தான்…"

"தெரியும்மா. நீயே வச்சுக்கிறியா?"

மதிலுக்கு அந்தப் பக்கமிருந்து அதன் காலைப் பிடித்துக்கொண்டாள். "நீங்க என்னக்கா செய்வீங்க?"

"எங்களுக்கென்ன, பக்கத்து வீடுதானே."

மறுநாள் குடுமியான்மலைச் சாலைப் பெண்ணுக்கு வேலையிடத்திலிருந்து போன் செய்து, நாயைப் பக்கத்து வீட்டுப் பெண் பெயரில், கதவு எண்ணை மாற்றி எழுதச் சொன்னேன். "அழுகுறீங்களா மேடம்?" என்று கேட்டாள். சளி என்று சொன்னேன்.

ஏழரைக்குக் கணவர் வந்தார். போன் செய்துவிட்டதைச் சொன்னேன். சட்டையைக் கழற்றிக்கொண்டே, "அதோட தட்டு?" என்றார்.

"காலையிலயே குடுத்துட்டேன்."

"சரி." கை கால் கழுவி வந்து உட்கார்ந்தார். "நாளையிலேருந்து ஸ்பெஷல் கிளாஸ் இல்ல. ஆறு மணிக்கெல்லாம் நான் வந்துருவேன்."

அது நடக்காது என்று எனக்குத் தெரியும். பரீட்சைக்கு இன்னும் மூன்று வாரம் இருந்தது. இருந்தாலும் தலையாட்டினேன். பக்கத்து வீட்டில் தையல் மிஷின் ஓடிக்கொண்டிருந்தது. அவர் டிவியைப் போட்டுச் சத்தத்தைக் கூட்டி வைத்தார்.