இருபது வீட்டுச் சாயம்

எங்கள் அப்பா எதையும் ஓசையில்லாமல் குடித்ததில்லை. பாயசமோ ரசமோ, ஒரு வாய் உள்ளே போகும்போது 'ஸ்ர்ர்ர்' என்று ஒரு சத்தம் வரும். பந்தியில் பக்கத்து இலைக்காரர் திரும்பிப் பார்ப்பார். கோயமுத்தூரில் ஒரு கல்யாணத்தில் மோரை அப்படி உறிஞ்சி, கண்ணை மூடி, "நேத்துத் தயிரு" என்று தீர்ப்பும் சொல்லிவிட்டார். பெண் வீட்டார் எதிரிலேயே நின்றுகொண்டிருந்தார்கள். அதற்குப் பிறகு அம்மா எந்தப் பந்தியிலும் அவர் பக்கத்தில் உட்கார்ந்ததில்லை.

அவரைச் சொல்லிக் குற்றமில்லை. அப்பா தேயிலை பேக்டரியில் டீ மேக்கர். இலை தூளாகி வந்ததும் வெள்ளைக் கப்புகளில் வரிசையாகப் பாலில்லாத டீச் சாயம் இறக்கி, ஒவ்வொன்றிலும் ஒரு கரண்டி எடுத்து வேகமாக உறிஞ்சி, நாக்கில் சுழற்றி, வாளியில் துப்பிவிட்டு, தூள் தேறுமா தேறாதா என்று சொல்வது அவர் வேலை. விழுங்கவே கூடாது, விழுங்கினால் பத்தாவது கப்பில் நாக்கு மரத்துவிடும் என்பார். டீ விஷயத்தில் அவர் பொய் சொன்னதாக யாரும் சொல்ல முடியாது. ஒரு முறை முதலாளியே வந்து நின்று கெஞ்சியும், கருகின தூளைக் கருகினது என்றே சொல்லிவிட்டு மூன்று நாள் வீட்டில் உட்கார்ந்திருந்தார். அம்மா இந்தக் கதையைச் சில நாள் பெருமையாகவும் சில நாள் எரிச்சலாகவும் சொல்லுவாள்.

அத்தை, அதாவது அப்பாவின் தங்கை, சென்னையில் ஓவியம் படித்து முடித்துவிட்டு வந்து அப்போது எங்களோடுதான் இருந்தாள். எனக்கு ஒன்பது வயது. என் விரலைச் சாயத்தில் முக்கிச் சுவரில் வைக்கச் சொன்ன ஒரே பெரியவள் அவள்தான். வீட்டில் அவளுக்கு என்னைத் தவிர ரசிகர்கள் கிடையாது.

எங்கள் மலை ஊரான அரவேணுவின் கடைவீதிக்குக் கீழே, ஒரு காலத்தில் உருளைக்கிழங்கு மூட்டை அடுக்கி வைத்த பழைய கிடங்கு ஒன்று உண்டு. பெங்களூரிலிருந்து வந்து இங்கேயே தங்கிவிட்ட ஓர் அக்கா அதை எடுத்து வெள்ளையடித்து, மூன்று அறைகளாகத் தடுத்து, உள்ளூரில் யாருக்கு எதைச் செய்து பார்க்கத் தோன்றினாலும் இரண்டு மாதம் ஓர் அறை இலவசம் என்று சொல்லியிருந்தாள். பலகையில் 'கலைக்கூடம்' என்று எழுதியிருந்தாலும் ஊர் அதைக் 'கிழங்கு மண்டி' என்றே சொன்னது. மழை நாளில் சுவரிலிருந்து கிழங்கு வாசனையும் வரும். அங்கே ஒரு வேன் டிரைவர் பழைய சைக்கிள் செயின்களை வளைத்துக் காட்டெருமை செய்துகொண்டிருந்தார். பக்கத்துப் படுகர் கிராமமான ஹட்டியிலிருந்து வரும் இரண்டு அண்ணன்மார், தண்ணீர்க் குழாய்களை வெட்டி ஒட்டி ஒரு வாத்தியம் செய்தார்கள். அதிலிருந்து ஒரு நாளும் பாட்டு வரவில்லை. ஆனாலும் அவர்களை யாரும் கிளம்பச் சொல்லவில்லை, ஏனென்றால் வாசல் சுவரில் பெரிய எழுத்தில் 'வராவிட்டாலும் பரவாயில்லை' என்று எழுதியிருந்தது.

அந்த வரி அப்பாவுக்குப் பிடிக்கவே இல்லை. "வராட்டிப் பரவால்லைன்னா அப்பறம் எதுக்குச் செய்யறது?" என்று சாப்பிடும்போதெல்லாம் கேட்பார். அதோடு, திருப்பூரில் ஒரு பனியன் கம்பெனியில் டிசைன் வரைகிற வேலையை அத்தைக்காகச் சொல்லி வாங்கியும் வைத்துவிட்டார். அத்தைக்கு மண்டியில் கிடைத்த இரண்டு மாதம் முடிகிற வாரம், வருகிற திங்கட்கிழமை போய்ச் சேர வேண்டும் என்று தகவல் வந்தது. மண்டி அக்காவோ, ஊரார் வந்து பார்க்கிற மாதிரி ஒன்றைச் செய்து காட்டினால் அறையை ஒரு வருஷத்துக்கே தருகிறேன் என்றிருந்தாள். அத்தை தலைகுனிந்து சோற்றைப் பிசைந்துகொண்டிருந்தாள்.

அத்தை செய்ததைக் கேட்டால் சிரிப்பு வரும். அப்பாவின் பேக்டரித் தூளையே ஒரு பெரிய பொட்டலம் வாங்கி, இருபது வீட்டுக்கு ஒரு பிடி வீதம் பிரித்துக் கொடுத்தாள். அவரவர் வீட்டில் எப்போதும் போடுகிற மாதிரி போட்டு, பாலும் சர்க்கரையும் சேர்க்காமல் கொடுத்தால் போதும். அந்தச் சாயத்தில் கப்பின் அடியை நனைத்து, கெட்டிக் காகிதத்தில் ஒரு வட்டம் பதிப்பாள். இருபது வீடு, இருபது வட்டம், ஒரு சுவர்.

"ஒரே தூளு, ஒரே சாயம். இதுல பாக்கறதுக்கு என்ன இருக்குது அம்மணி?" என்றார் அப்பா.

"ஊட்டுக்கு ஊடு வேற வேறயா இருக்குமுங்ண்ணா. தண்ணி வேற, அடுப்பு வேற, கை வேற. நீங்களே வந்து குடிச்சுப் பாருங்க."

அப்பாவிடம் போய், குடித்துப் பாருங்கள் என்று சொன்னால் விடுவாரா. "செரி, வர்றேன். இருபதுல ரெண்டே ரெண்டு ஒண்ணாட்ட இருந்தாலும் திங்கக்கெழம நீ திருப்பூர் பஸ் ஏறோணும்."

"ஒண்ணுகூட இல்லாட்டி?"

"இல்லாட்டி அந்தப் பேச்சையே நா எடுக்க மாட்டேன்."

அம்மா கரண்டியை ஓங்கித் தட்டில் வைத்தாள். அத்தை போய்விட்டால் இந்த வீட்டில் என் விரலை யார் சாயத்தில் முக்குவார்கள்?

ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் சாரல் விழுந்துகொண்டிருந்தது. கீழ் வீடுகளுக்கு அத்தை போனாள். மேட்டில் இருக்கிற எட்டு வீடுகள் என் பொறுப்பு. எட்டுத் தூக்குப்போசிகள், ஒவ்வொன்றிலும் வீட்டுக்காரர் பெயர் எழுதின சீட்டு, எல்லாவற்றையும் ஒரு காரட் கூடையில் நிற்கவைத்து, இரண்டு கையாலும் நெஞ்சோடு அணைத்துக்கொண்டு படியில் இறங்கினேன். எங்கள் வீட்டுக்குச் சற்று மேலே, பாசி படிந்த படியில் கால் வழுக்கியது.

முழங்காலில் தோல் போனது அப்போது தெரியவில்லை. மூன்று போசிகளின் மூடி இறுக்கமாக இருந்ததால் தப்பின. மற்ற ஐந்தும் வாயைத் திறந்துகொண்டு உருண்டன. ஐந்து வீட்டுச் சாயமும் ஒன்றாகக் கலந்து படிப்படியாக இறங்கிப் போனது. திரும்பப் போய்க் கேட்கலாமென்றால், கதவைச் சாத்திக்கொண்டு அந்த ஐந்து வீட்டாரும் எனக்கு முன்னாலேயே மண்டிக்குப் புறப்பட்டுப் போயிருந்தார்கள். அப்பாவின் ஷிப்ட் முடிந்து பேக்டரிச் சங்கும் ஊதிவிட்டது.

வீட்டுக்குள் ஓடினேன். அம்மாவும் மண்டிக்குப் போயிருந்தாள். அடுப்பின் மேல், விருந்தாளிகள் வந்தால் பால் ஊற்றிக் கொடுக்கலாமென்று அவள் போட்டு மூடி வைத்திருந்த சாயம் இருந்தது. அண்ணன் வீட்டு டீயை அண்ணனே ருசி பார்த்தால் ஊர் சிரிக்கும் என்று அத்தை எங்கள் வீட்டை மட்டும் இருபதில் சேர்க்கவில்லை. ஆனால் தூள் அதே தூள். அம்மா அடி நெளிந்த அலுமினியப் பாத்திரத்தில் தூளைப் போட்டு ஒரு கொதி, இறக்கி மறுபடி ஒரு கொதி என்று வைப்பாள். "பேக்டரியில இப்படி வந்துச்சுன்னாக் கீழ ஊத்தியிருப்பேன்" என்று அப்பா தினமும் காலையில் சொல்லிவிட்டு இரண்டு டம்ளர் குடிப்பார். நான் வேறொன்றும் யோசிக்கவில்லை. ஐந்து போசிகளையும் அதிலேயே நிரப்பினேன். பாத்திரம் காலியானது.

மண்டியில் நீள மேசை மேல் இருபது வெள்ளைக் கப்புகள். ஒவ்வொன்றின் முன்னாலும் வீட்டுக்காரர் பெயர். பக்கத்தில், துப்புவதற்கு ஒரு சிவப்பு வாளி. அத்தை போசிகளைத் திறந்து ஊற்றினாள். நான் வீட்டில் நிரப்பிய ஐந்தும் கடைசி ஐந்து கப்புகளாக அமைந்தன. நான் கதவோரம் போய், பாவாடையில் ஒட்டின சேற்றைக் கையால் மறைத்துக்கொண்டு நின்றேன். அப்பா பேக்டரிச் சட்டையோடு வந்தார். எல்லாம் ஆறிவிட்டதே என்று அத்தை தயங்கினாள். "ஆறுனாத்தான் நெசம் தெரியும்" என்று கரண்டியைக் கையில் எடுத்தார்.

'ஸ்ர்ர்ர்.' கூட்டத்தில் பிள்ளைகள் சிரித்தார்கள். அப்பா துப்பிவிட்டு, "ஊத்துத் தண்ணி" என்றார்.

அந்தப் பெயருக்குரிய அம்மாள் வாயில் கை வைத்துக்கொண்டாள். "ஆமாங்க! ஊட்டுக்குப் பின்னாலயே ஊத்துங்க!"

அடுத்தது: "கொழாத் தண்ணி. மருந்து வாசம் அடிக்குது." அடுத்தது: "வெறகடுப்பு. கற்பூர மரத்து வெறகு." அதற்கடுத்தது: "தண்ணி கொதிக்கறதுக்குள்ள தூளக் கொட்டிட்டாங்க. அவசரக்காரரு." செயின் டிரைவர் வெட்கத்தோடு கையைத் தூக்கினார். பிள்ளைகள் சிரிப்பை நிறுத்திவிட்டார்கள். பதினைந்தாவது கப் வரும்போது மண்டியில் குழாய் வாத்தியக்காரர்கள்கூட வாத்தியத்தைக் கீழே வைத்துவிட்டு எட்டிப் பார்த்தார்கள். அப்பாவின் முகத்தில் நான் அதற்கு முன் கண்டிராத ஒரு குஷி. பேக்டரியில் அவர் ருசி பார்க்கும்போது சுற்றி நின்று பார்க்க யார் இருக்கிறார்கள்?

பதினாறாவது கப்புக்கு வந்தார். உறிஞ்சினார். வாளிப் பக்கம் குனியவில்லை. விழுங்கிவிட்டார்.

கப்பைப் பார்த்தார். அம்மாவைப் பார்த்தார். பிறகு அறை முழுக்கத் தேடுகிற மாதிரி பார்த்து, கதவோரம் நின்ற என் முழங்காலில் கண்ணை நிறுத்தினார். கரண்டியை வைத்துவிட்டுப் பதினேழாவது கப்பை அப்படியே தூக்கி ஒரு வாய் குடித்தார். பதினெட்டாவதையும் குடித்தார். இப்படி வரிசையாக ஐந்தையும் குடித்தார். அத்தையின் முகம் வெளுத்துப் போயிற்று. திருப்பூர் பஸ்ஸில் அத்தை ஜன்னலோரம் உட்கார்ந்து கையாட்டுவதுகூட என் கண்ணுக்குத் தெரிந்தது.

"இது நெதானமான கை" என்றார் அப்பா, பதினாறாவதைத் தொட்டு.

"இது ரெண்டு பேருக்குன்னு வெச்சது. மூணாவதா ஒரு ஆளு வந்துட்டாங்க." பதினேழு.

"இது மழைக்கு ஜன்னலச் சாத்திட்டு வெச்ச டீ." பதினெட்டு.

என் அப்பாவா இப்படிப் பேசுகிறார் என்று நான் வாயைப் பிளந்தேன். பத்தொன்பதாவதில், "இந்த ஊட்ல ஒரு ஆளு கொறையுது" என்றார். அந்த வீட்டு அம்மாள் முந்தானையைக் கண்ணில் வைத்துக்கொண்டு, "பையன் போன வாரந்தானுங்க கத்தாருக்குப் போனான்" என்று அழுதேவிட்டாள். பையன் கத்தாருக்குப் போனது ஊருக்கே தெரியும். அவனை பஸ் ஏற்றிவிடப் போனவர்களில் அப்பாவும் ஒருவர். கடைசிக் கப்புக்கு, "இது கொஞ்சம் பயந்துட்டே வந்த டீ. ஆனாத் தேறிரும்" என்றார். இதற்குத்தான் கைதட்டல் அதிகம்.

"இருபதும் இருபதுதான் அம்மணி. ஒண்ணாட்ட ஒண்ணு இல்ல" என்று சொல்லிவிட்டு, வாயைத் துடைத்துக்கொண்டு வெளியே போய்விட்டார். அத்தை கூட்டத்தின் நடுவில் நின்று அழுதாள், சிரிக்கவும் செய்தாள். மண்டி அக்கா அவள் தோளைப் பிடித்து உலுக்கினாள்.

எனக்கு நிம்மதி வந்தது. அதன் பின்னாலேயே ஓர் ஏமாற்றமும் வந்தது. ஒரே பாத்திரத்து டீக்கு ஐந்து கதை சொல்லிவிட்டாரே! முதலாளியையே எதிர்த்த நாக்கு என்று அம்மா சொன்னதெல்லாம் இவ்வளவுதானா? மற்ற பதினைந்தையும்கூட எங்கேயாவது கேட்டுத் தெரிந்துகொண்டு வந்திருப்பார் என்று முடிவு கட்டினேன்.

அன்று மாலை வீட்டுக்கு வந்து அம்மா அடுப்பைப் பார்த்தாள். "இங்க சாயம் வெச்சிருந்தனே, எங்க போச்சு?"

நான் பாடப் புத்தகத்துக்குள் தலையைப் புதைத்தேன்.

"நாந்தான் குடிச்சேன்" என்றார் அப்பா.

"நீங்க எப்ப ஊட்டுக்கு வந்தீங்க? பேக்டரியில இருந்து நேரா அங்கதானே வந்தீங்க?"

"குடிச்சேங்கறேன், உடு." பிறகு என் பக்கம் திரும்பாமலே, "மேட்டுப் படியில பாசி புடிச்சிருக்குது. சாமி, பாத்து நடக்கோணும்" என்றார்.

ஒரே நாளில் அப்பா இரண்டு பொய் சொன்னார் என்று மனதுக்குள் குறித்து வைத்துக்கொண்டேன். மண்டியில் ஒன்று, வீட்டில் ஒன்று. திங்கட்கிழமை திருப்பூர் பஸ் அத்தை இல்லாமலே போனது. சொன்னபடி அப்பா அந்தப் பேச்சை மறுபடி எடுக்கவில்லை.

அத்தை இன்றும் மண்டியில்தான் இருக்கிறாள். ஓர் அறையில் ஆரம்பித்தவள், இப்போது யாருக்கு எந்த அறை என்று முடிவு செய்கிற இடத்துக்கு வந்துவிட்டாள். குழாய் வாத்தியம்கூட இப்போது ஒரு மாதிரி பாடுகிறது. அன்று போசிகளில் மிஞ்சிய சாயத்தில் அவள் பதித்த இருபது வட்டங்களும் மண்டிச் சுவரில் இருக்கின்றன. அவற்றில் ஐந்து அச்சு அசலாக ஒரே நிறம். அந்த ஐந்தையும் அடுத்தடுத்து மாட்டாமல் மூலைக்கு ஒன்றாகப் பிரித்து மாட்டியிருக்கிறாள். அதைப் பற்றி நான் அவளிடம் கேட்டதில்லை, அவளும் சொன்னதில்லை.

கோயமுத்தூரில் காலேஜ் ஹாஸ்டலில் சேர்ந்தபோது, அம்மா அதே தூளை ஒரு டப்பாவில் போட்டுக் கொடுத்தாள். நான் போட்டாலும், என் அறைத் தோழி போட்டாலும் டீ நன்றாகத்தான் இருந்தது. ஆனால் எங்கள் வீட்டு டீயாக இல்லை. முதல் லீவில் வீட்டுக்கு வந்து, விடிகாலைக் குளிரில் அம்மா நீட்டிய டம்ளரை வாங்கி ஒரு வாய் குடித்தேன். கண்ணைக் கட்டிக் கொடுத்திருந்தாலும் சொல்லியிருப்பேன், இது அந்த நெளிந்த பாத்திரத்து டீ என்று. என் நாக்கு சாதாரண நாக்கு. சூடு தெரியும், சர்க்கரை தெரியும், அவ்வளவுதான்.

எனக்கே ஒரு வாயில் தெரிகிறது.

டம்ளரோடு அப்படியே நின்றுவிட்டேன். கூடத்தில் அப்பா பேப்பர் படித்துக்கொண்டு 'ஸ்ர்ர்ர்' என்று உறிஞ்சுவது கேட்டது. பதினைந்து கப்பை வாளியில் துப்பியவர் அவர். அதற்குப் பிறகு வந்த சாயத்தை மட்டும் ஏன் துப்பவில்லை என்று ஒன்பது வயதில் எனக்குக் கேட்கத் தோன்றவில்லை. அந்த ஞாயிற்றுக்கிழமைக்கு நான் இரண்டு பொய் என்று கணக்கு வைத்திருந்தேன். அம்மாவிடம் சொன்னது பொய்யே இல்லை. அந்தச் சாயத்தை அவர்தான் குடித்தார், மண்டியில், அம்மாவும் நானும் அத்தையும் பார்க்கப் பார்க்க.