மதில் வளவுப் பானைகள்

மணலுக்குள் மண்வெட்டி இறங்கும்போது மெத்தென்று ஒரு சத்தம் வரும். அதே மண்வெட்டி புதைந்து கிடக்கும் பானையின் கழுத்தில் பட்டால், யாரோ உள்ளேயிருந்து கதவைத் தட்டியதுபோல் 'டொக்' என்று கேட்கும். நான் ஒன்பது வயதில் கேட்ட அந்தச் சத்தம் இன்னும் காதில் இருக்கிறது. அப்பா மண்ணைக் கையால் விலக்கினார். அடியில் ஒரு மண்பானை, வாயைப் பழந்துணியால் இறுக்கிக் கட்டியிருந்தது. அம்மா இரண்டடி பின்வாங்கி, என் தோளைப் பிடித்து இழுத்து, "ஒருத்தரும் தொடாதீங்க" என்றார்.

ஆரையம்பதியில் எங்கள் வீட்டுக்குப் பின்னால் இருந்த அந்தத் தோட்டத்தைத் தெருவே 'மதில் வளவு' என்றுதான் சொல்லும். மற்ற எல்லா வளவுக்கும் தென்னோலைக் கிடுகு வேலி. இதற்கு மட்டும் செங்கல் மதில், மரக் கதவு, ஆமைப்பூட்டு. அம்மாவின் தகப்பனார் ஆட்டுக்கும் கண்ணூறுக்கும் பயந்து கட்டியது என்பார்கள். எங்கள் பக்கத்தில் வீடும் வளவும் பெண்பிள்ளைகளுக்குத்தான் போகும். முன்வளவும் பழைய வீடும் மூத்தவரான பெரியம்மாவுக்கும், மதில் வளவும் அதை ஒட்டிய வீடும் அம்மாவுக்கும் சீதனமாக வந்தன. அப்பாவின் வேலை களுவாஞ்சிக்குடியில் என்றபடியால் கலியாணம் முடித்த கையோடு அம்மா அங்கே போய்விட, மதில் வளவைப் பெரியம்மாதான் பயிர் செய்து பார்த்துக்கொண்டார்.

இதில் யார் போய் அம்மாவின் காதில் என்ன ஊதினார்களோ தெரியாது. "மூத்தவ வளவை எழுதி எடுக்கப் போறா" என்று ஒரு கதை வந்தது. அம்மா அதைக் கேட்டு ஏதோ சொல்லப்போக, அது கூடக்குறையப் பெரியம்மாவிடம் போய்ச் சேர்ந்தது. அன்றைக்குக் கதவைப் பூட்டிய பெரியம்மா பிறகு அந்த வளவுக்குள் காலே வைக்கவில்லை. அப்பாவுக்கு வேலை மாற்றம் கிடைத்து நாங்கள் ஊருக்குத் திரும்பி வந்தபோது, உள்ளே எருக்கலையும் நாயுருவியும் ஆள் உயரத்துக்கு நின்றன, மதிலின் ஒரு மூலையை ஆலங்கன்று பிளந்திருந்தது.

அக்காவும் தங்கையும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்ப்பதில்லை என்றாலும் இரண்டு பேரும் அப்பாவோடு கதைப்பார்கள். பூட்டின் திறப்பை அப்பாவிடம்தான் பெரியம்மா கொடுத்தார். கூடவே ஒரு சொல்லும் அனுப்பினார். அப்பா அதை அப்படியே வந்து சொன்னார்: "மேலால தண்ணி ஊத்த வேணாமாம். மிச்சத்த நீ வந்து கேட்டாச் சொல்லித் தருவாவாம்."

அம்மாவுக்கு இது போதும். தோட்டம் போட வந்தவளிடம் தண்ணீர் ஊற்றாதே என்றால் என்ன அர்த்தம்? பயிர் காய வேண்டும், வளவு தரிசாகவே கிடக்க வேண்டும், அவ்வளவுதான். "அவட புத்தி எனக்கு வேணா" என்று சொல்லிவிட்டு அம்மா சேலையைச் செருகிக்கொண்டு கத்தியோடு எருக்கலைக்குள் இறங்கினார். மாரி ஓய்ந்திருந்த அந்த நாட்களில் காடு வெட்டி, வேர் கிண்டி, ஆலங்கன்றைப் பிடுங்கி, மதில் ஓட்டையைச் சுண்ணாம்பு குழைத்து அடைத்தோம். அப்போதுதான் மண்வெட்டி பானையில் பட்டது.

ஒன்றல்ல. கிண்டக் கிண்ட, ஒழுங்கான இடைவெளியில், எல்லாம் கழுத்துவரை மண்ணுக்குள், எல்லாவற்றின் வாயிலும் துணி. வெளியூர்க்காரர் மட்டக்களப்புக்கு வந்தால் திரும்பிப் போகாதபடி மந்திரம் வைத்துப் பாயோடு ஒட்டவைத்து விடுவார்கள் என்று பகிடி பண்ணுவதுண்டு. உள்ளூர்க்காரருக்கு அது பகிடியல்ல. வாய் கட்டிய பானையை வளவுக்குள் கண்டால் எங்கள் ஊரில் எவருக்கும் ஒரே நினைப்புத்தான் வரும். அதிலும் பெரியப்பா ஆற்றுக்கு அந்தப் பக்கம், படுவான்கரையிலிருந்து வந்தவர். படுவான்கரையார் என்றாலே மந்திர வேலை தெரிந்தவர்கள் என்று அம்மா முன்பே சொல்லிக்கொண்டிருந்தார்.

குறி பார்க்கிற ஒரு மனிதரை அழைத்து வந்தார்கள். அவர் ஒரு பானையைத் தூக்கித் திருப்பி அடியைக் காட்டினார். அடியில் சிறிய ஓட்டை, அதற்குள்ளும் துணி திணித்திருந்தது. கொஞ்ச நேரம் கண்ணை மூடியிருந்துவிட்டு, "இது வளவு வறளச் செய்த வேலை. உடைக்கப்படாது. ஆத்தில விடுங்க" என்றார். எங்கள் ஊரில் வாவியை யாரும் வாவி என்பதில்லை, 'ஆறு'தான். அப்பா மட்டும், பெரியம்மாவிடம் ஒரு வார்த்தை கேட்டுப் பார்க்கலாமே என்று இழுத்தார். செய்தவளிடமே போய்ச் செய்தாயா என்று கேட்பதா என்று அம்மா வாயை அடைத்துவிட்டார். பட்டப்பகலில், தெரு பார்க்க, பானைகளைத் தள்ளுவண்டிலில் ஏற்றிப் போய் ஆற்றில் அமிழ்த்தினோம். எனக்கு அன்று பயத்தைவிடப் பெருமையே கூட இருந்தது.

பிறகு பயிர் வைத்தோம். கத்தரி, வெண்டி, பயற்றை, பாகல், பூசணி. அம்மா விடியவும் பொழுதுபடவும் வாளி வாளியாக மேலால் ஊற்றினார், பெரியம்மாவுக்குக் கேட்கட்டும் என்று வாளியைக் கிணற்றுக் கட்டில் இடித்து இடித்து ஊற்றினார். எல்லாம் முளைத்துப் பச்சைப்பசேல் என்று வந்தது. வைகாசியில் கண்ணகி அம்மன் சடங்குக்கு முதற்காய் கொண்டுபோய் வைப்பது என்று அம்மா நேர்ந்திருந்தார். தன் வளவு தன் கையில் வந்துவிட்டதை ஊரறியக் காட்ட அதைவிட நல்ல இடம் ஏது?

சித்திரை கடந்ததும் கச்சான் காற்று தொடங்கியது. மேற்கேயிருந்து அடுப்புச் சூட்டோடு வரும் காற்று அது. ஊற்றிய தண்ணீரை மணல் ஒரே மடக்கில் குடித்துவிட்டு மறுபடி வெளிறிக் கிடந்தது. பாகல் கொடி முதலில் சுருண்டது, பிறகு பயற்றை, பிறகு பூசணிப் பிஞ்சுகள் வெம்பி விழுந்தன. மதிலுக்கு அந்தப் பக்கம் பெரியம்மாவின் பாகல் மட்டும் பந்தல் கொள்ளாமல் எங்கள் மதில்மேல் ஏறி எட்டிப் பார்த்தது. எங்கள் பயிரின் உயிரை அங்கே இழுத்துவிட்டாள் என்று அம்மா முடிவு கட்டினார். கொய்யாவில் ஏறி அங்கே என்ன நடக்கிறதென்று பார்த்துவரச் சொல்லி என்னை ஏவினார். நானும் உளவுக்காரிபோல் ஏறி இலைக்குள் ஒளிந்திருந்தேன்.

பெரியம்மா நிமிர்ந்தும் பாராமல் சொன்னார். "கொப்பு முறிஞ்சிடும், மகள். இறங்கி இஞ்சால வா."

போனேன். கொடியின் அடியில் மண்ணோடு மண்ணாக ஒரு பானையின் வாய் தெரிந்தது. பெரியம்மா அதன் துணியை அவிழ்த்து, செம்பால் தண்ணீர் ஊற்றி, பல்லியும் தூசியும் விழாமல் திரும்பக் கட்டினார். மேலே மண் காய்ந்தபடியே இருந்தது. அடி ஓட்டையில் உள்ள துணி வழியாகத் தண்ணீர் சொட்டுச் சொட்டாக வேருக்கு மட்டும் போகும் என்றும், படுவான்கரையில் பெரியப்பாவின் ஆட்கள் காடு வெட்டிச் செய்யும் சேனைப் பயிருக்கு இப்படித்தான் செய்வார்கள் என்றும் சொன்னார். அவர் செம்பைக் கீழே வைத்தார்.

"உங்கட வளவுக்கும் பூட்ட முந்தியே நான்தான் தாட்டு வைச்சன். தங்கச்சி வந்து பயிர் வைப்பா, கச்சானுக்குக் கஷ்டப்படக் கூடாதெண்டு. ஆத்தில கொண்டு போட்டதெண்டு சனம் சொல்லிச்சு. நான் நம்பல்ல. உண்மையா மகள்?"

ஓம் என்று தலையாட்டினேன். பெரியம்மா கோபப்படுவார் என்று நினைத்தேன். அவர் முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு ஒரு பாகற்காயைப் பறித்து என் கையில் தந்தார், அவ்வளவுதான்.

வீட்டில் வந்து சொன்னதும் அம்மாவின் முகம் செத்துப்போயிற்று. வெகுநேரம் கிணற்றுக் கட்டிலேயே இருந்தார். அன்றைக்கே நாலு எட்டு வைத்து அந்த வீட்டுக்குப் போயிருந்தால் எல்லாம் முடிந்திருக்கும். அம்மா எழுந்து வந்து, "பிள்ளைக்கிட்ட நல்லாக் கதை விட்டிருக்கா" என்றார். ஆனால் குரலில் முன்பிருந்த பலம் இல்லை, அது எனக்கே தெரிந்தது.

சடங்குக்கு நாங்கள் வெறுங்கையோடு போனோம். கோயிலில் அம்மாவின் பெயருக்கு ஒரு ஓலைக் கடகம் நிறையப் பாகலும் பூசணியும் வந்திருந்தன. யார் கொடுத்தது என்று கேட்கவே தேவையில்லை. சனம் பார்க்க என்னைக் கேவலப்படுத்தத்தான் என்று அம்மா வழியெல்லாம் புறுபுறுத்தார். வீட்டுக்கு வந்ததும் கதவைச் சாத்திக்கொண்டு அழுதார். அழுததை நான் கேட்டேன், அப்பாவும் கேட்டார், நாங்கள் இருவரும் கேட்காததுபோல் இருந்தோம்.

அடுத்த வருடம் அம்மா தானே பானைகள் வாங்கிவந்து அடியில் துளைபோட்டுப் புதைத்தார். ஓட்டை பெரிதாய்ப் போனதோ, துணி இறுகவில்லையோ, ஊற்றிய தண்ணீர் நின்ற நிலையிலேயே இறங்கிப்போனது. மிச்சத்தைக் கேட்கப் போக வேண்டியிருந்தது, போகவில்லை. பெரியம்மாவும் வரவில்லை. பிறகு அவர் மகளோடு வெளிநாடு போய், அங்கேயே கண்ணை மூடினார். மதில் வளவுக் கதவில் மறுபடி பூட்டு விழுந்தது.

இப்போது அந்த வளவு என் சீதனம். இந்த வருடம் நானே காடு வெட்டித் தோட்டம் போடத் தொடங்கியிருக்கிறேன். தெருவில் இன்று ஒரு கிடுகு வேலியும் இல்லை, வேலிக்கு மேலால் பெண்கள் கதைத்துக்கொண்டு நிற்பதும் இல்லை. எல்லா வீட்டுக்கும் சீமெந்து மதில், எங்களுடையதுதான் இடிந்து கிடக்கிறது. போன கிழமை முன்பு ஆலங்கன்று நின்ற மூலையைக் கிண்டும்போது மண்வெட்டி 'டொக்' என்றது. அன்று அகப்படாமல் தப்பிய ஒரு பானை. வாய்த் துணி இற்றுப்போயிருந்தது, பானையில் கீறல்கூட இல்லை. எல்லாம் தெரிந்த எனக்கே அதைத் தொடும் முன் கை ஒரு கணம் பின்வாங்கியது என்பதையும் சொல்லிவிடுகிறேன்.

அம்மா கதிரையில் இருந்து பார்த்துக்கொண்டிருந்தார். இப்போது நடை குறைவு, பேச்சும் குறைவு. நான் பானையை எடுக்காமல், வாய்க்குள் கைவிட்டு அடித்துணியை மட்டும் மாற்றி, பக்கத்தில் ஒரு பாகல் கன்றை நட்டு, கைப்பழக்கத்தில் வாளியைத் தூக்கிக் கன்றின் தலையில் சரித்தேன்.

"மேலால ஊத்தாத, மகள்" என்றார் அம்மா. "அக்கா வேணாமெண்டு சொன்னவ."

நான் வாளியை நிமிர்த்திப் பானைக்குள் ஊற்றினேன். அது நிறைந்துவர நேரம் எடுத்தது.